மாநாட்டு மேடையில் இருபது நிமிடம்



நம் இளையர்கள் பலர் இன்று தொழில்நுட்ப மாநாடுகளில் கட்டுரை படைக்கிறார்கள். ஈராண்டு, மூன்றாண்டு உழைப்பு அது. மேடையில் கிடைப்பதோ பெரும்பாலும் இருபது நிமிடம். அதற்குள் அவைக்குப் புரியவில்லை என்றால், ஆய்வு எவ்வளவு சிறந்ததானாலும் மாநாட்டு மலருக்குள்ளேயே உறங்கிவிடும். உதவ முன்வரக்கூடியவர் எதிரில் அமர்ந்திருந்தும், அதை அறியாமல் எழுந்து போய்விடுவார்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் பேசினார். இன்று நம் மேசையில் இருக்கும் சுட்டியை, அதாவது மவுஸை, ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட அவையில் இயக்கிக் காட்டினார். அதன் உள்ளே சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று அவர் தொடங்கவில்லை. நாள் முழுதும் உங்களுக்காகவே இயங்கும் ஒரு கணினி அலுவலகத்தில் இருந்தால் எவ்வளவு பயன் பெறுவீர்கள் என்று கேட்டுத்தான் தொடங்கினார். பிறகு கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலைத் திரையில் எழுதி, வகை பிரித்துக் காட்டினார். மளிகைப் பட்டியல்தான்! யாருக்குத்தான் புரியாது?

நம் மேடைகளில் நடப்பது வேறு. தலைவர் அவர்களே, புரவலர் அவர்களே என்று விளிப்பதிலேயே மூன்று நிமிடம் கரைந்துவிடும். மரியாதை வேண்டியதுதான், ஒரே வரியில் வணங்கலாமே. அடுத்து, திரை நிறைய எழுத்து. அதை வரி வரியாகப் படிப்பார்கள். நாம் வாயால் படிப்பதற்கு முன்பே அவையினர் கண்ணால் படித்து முடித்து, கைத்தொலைபேசியை எடுத்துவிடுகிறார்கள். இருபது நிமிடத்தில் எத்தனை செய்தி சொல்லலாம்? என் கணக்கில் ஒன்று. மற்றவை கட்டுரையிலேயே இருக்கட்டும்.

வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் பதினைந்து நிமிடத்தில் முடிந்த உரை, வாய்விட்டுப் பேசும்போது இருபத்தைந்தைத் தொடுவது உண்டு. வீட்டாரிடம் பேசிக் காட்டினால் இன்னும் நல்லது. எந்த இடத்தில் அவர்கள் முகம் சுருங்குகிறதோ, அங்கே ஓர் உதாரணம் சேருங்கள்.

இயந்திரத்தை நம்பிவிடவும் கூடாது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் விண்டோஸ் 98ஐ மேடையில் இயக்கிக் காட்டியபோது, ஸ்கேனரை இணைத்ததும் கணினி நீலத்திரையோடு நின்றுபோனது. அருகில் நின்றவர் பில் கேட்ஸ். அவர் ஒரு நகைச்சுவையால் சமாளித்துவிட்டார். நமக்கு அது எளிதல்ல. செயல்முறை விளக்கத்தை முன்கூட்டியே காணொளியாகப் பதிந்து கையில் வைத்திருங்கள். இணையத் தொடர்பு அறுந்தாலும் உரை நிற்காது.

தமிழில் படைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மண்டபத்துக் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டால், திரையில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துருவைப் பொதித்து பிடிஎஃப் படி ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். முதல் அமர்வு தொடங்குமுன் அதே கணினியில் திறந்து பாருங்கள்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லலாம். அதில் இழுக்கில்லை. கேட்டவரின் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்திற்குள் பதில் எழுதிவிடுங்கள்.