எத்திரோ சொன்ன கணக்கு

(ஐந்தருவியில் கூடிய ஆதரவாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)

சாரல் விழுகிற நேரத்தில் அருவியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கணக்குக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்லவேண்டும்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசே தனியாளாய் ஜனங்களின் வழக்கெல்லாம் விசாரித்துக் களைத்துப்போகிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, மருமகனை இன்னும் ஊக்கமாய் ஜெபிக்கச் சொல்லவில்லை. ஆள் போடச் சொன்னார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று விகிதமும் சொன்னார். வேதத்தில் வருகிற இந்த நிர்வாக ஆலோசனையை நம் கமிட்டிகள் அதிகம் வாசிப்பதில்லை.

குடலிறக்க ஆப்பரேஷனுக்கு வந்தவர் காயத்தில் சீழோடு வீடு திரும்பினால், அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்ட தொற்று. அது அதிகமாய்ப் பயணம் செய்வது நம் கைகளில்தான். எந்தெந்த வேளையில் கை சுத்தம் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐந்து தருணங்களைச் சொன்னது: நோயாளியைத் தொடுமுன், ஊசி, டிரிப், கட்டு போன்ற சுத்தமான வேலைக்குமுன், இரத்தமோ சீழோ பட வாய்ப்பிருந்த வேலைக்குப்பின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டில், மேஜையைத் தொட்டபின். ஐந்தருவியில் நின்று கேட்கிறவர்களுக்கு ஐந்து மறக்காது.

சோப்பும் தண்ணீரும் என்றால் ஒவ்வொரு தடவைக்கும் 40 முதல் 60 விநாடி ஆகும். 1997இல் ஐரோப்பிய மருத்துவர் இருவர் இதைக் கணக்குப் போட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 பேர் ஒரு பகல் டூட்டியில் ஒரு தடவைகூடத் தவறாமல் கை கழுவினால், அதற்கே மொத்தம் 16 மணி நேரம் போகும். அதாவது இரண்டு நர்சுகளின் முழு டூட்டி! கட்டிலருகே ஆல்கஹால் கைமருந்து வைத்தால் 3 மணி நேரத்தில் முடியும். ஆகையால் ஆள் குறைந்த வார்டில் முதலில் விடுபட்டுப்போவது கை கழுவுதல்தான். அந்தச் சிஸ்டருக்குப் பக்தி குறைவென்று நினைத்துவிடாதீர்கள். மணி அடிக்கிற கட்டில்கள் அதிகம், அவ்வளவுதான்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? 30 கட்டில் வார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் ஆறு நோயாளிக்கு ஒருவர், இரவில் பத்துக்கு ஒருவர் என்றால் ஒரு நாளைக்கு 13 பேர். வாரத்தில் 91 டூட்டி. ஒருவர் ஆறு டூட்டிதான் பார்க்கமுடியும். எனவே 16 பேர். வருடாந்திர விடுப்பு, பிரசவ விடுப்பு, காய்ச்சல் எல்லாவற்றுக்குமாக 30 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 20. "வார்டில் ஐந்து பேர்தானே நிற்கிறார்கள், பட்டியலில் ஏன் இருபது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இவர்களைத் தவிர, தொற்றுக் கண்காணிப்புக்கென்றே ஒரு சிஸ்டர் வேண்டும். இங்கிலாந்தில் டார்பே ஆஸ்பத்திரி 1959இலேயே அப்படி ஒருவரை நியமித்தது. 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 250 கட்டிலுக்கு ஒருவரும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் இருந்து ஒழுங்காய்க் கண்காணித்த இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொற்றைத் தடுக்க முடிந்தது என்று காட்டியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் 250க்கு ஒருவர் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்து, 100க்கு ஒருவர் இருப்பது நல்லது என்றது. ஆனால் வார்டில் ஆள் குறையும் நாளெல்லாம் அந்தச் சிஸ்டரையே ஊசி போட இழுத்துக்கொண்டால், அவர் பெயர் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரிகளில் நடக்கிற சங்கதி இது.

கட்டிலுக்கும் கட்டடத்துக்கும் மனமுவந்து கொடுக்கிறீர்கள்; கல்வெட்டில் பெயரும் வருகிறது. சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. நாம் பயிற்றுவிக்கிற பிள்ளைகள் அரசு வேலைக்கும் வளைகுடாவுக்கும் போவதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. தங்கியிருப்பவர்களுக்கு நியாயமான சம்பளம் கொடுத்தால் இன்னும் சிலர் தங்குவார்கள். சென்ற தடவை ஒரு பெரியவர், "சம்பளம் ஊழியமாகுமா ஐயரே?" என்று கேட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது நோயாளிகளிடையே கை கழுவிவிட்டு நடக்கிற பிள்ளையைக் காட்டினேன். அவர் மேலே பேசவில்லை.

நர்சுகள் சம்பள நிதிக்கென்று தனி ரசீதுப் புத்தகம் வாசலருகே மேஜையில் இருக்கிறது. மாதந்தோறும் சிறு தொகையானாலும் வருடம் முழுவதும் தவறாமல் வந்தால், அதை நம்பி ஒருவரை வேலைக்கு எடுக்க எங்களால் முடியும்.