மழைக்கு முன் செய்ய வேண்டிய தர்மம்

(பருவமழை தொடங்கும் முன் நடந்த மஹல்லா கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

2015 டிசம்பர் 1-ஆம் தேதியைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இரு கரையும் மூழ்கின. அப்போது பள்ளிவாசல்கள் சாதி, மதம் பாராமல் கதவைத் திறந்துவிட்டன. நம் பிள்ளைகள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி மக்களைத் தூக்கி வந்தார்கள். அல்லாஹ் அந்த உழைப்பை ஏற்றுக்கொள்வானாக.

அந்தச் சேவை என்றும் தேவை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தால் போதுமா? வெள்ளம் வீட்டுக்குள் வராதபடி ஊரை அமைப்பதைப் பற்றியும் நாம் பேச வேண்டும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடிந்தது. இன்று மிஞ்சியிருப்பது அதில் சிறு பங்குதான். மீதியைக் குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டன. ஆற்றோரம் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். அதுவும் அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதிகள் திரும்பவும் மூழ்கின. தண்ணீர் தன் பழைய இடத்தைத்தான் தேடி வருகிறது.

எனவே மூன்று காரியங்களை நம் கையில் எடுப்போம்.

முதலாவது, விலை குறைவு என்று மனை வாங்க அவசரப்பட வேண்டாம். 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்றிருந்தால் விலகிவிடுங்கள். பட்டா நிலமாக இருந்தாலும், 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பிள்ளைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். தொட்டி அடைபட்டிருந்தால் இப்போதே சுத்தம் செய்யுங்கள். முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசாமல் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள். சென்னைப் பெருநகர் முழுமைத் திட்டத்திற்கானாலும் சரி, வார்டு அளவிலான பகுதி சபையிலானாலும் சரி, கருத்துக் கேட்கும்போது நம் தெருவின் வடிகாலைப் பற்றி ஜமாஅத் எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்களும் போய்ப் பேச வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, பள்ளிவாசலோ மதரஸாவோ புதிதாகக் கட்டும்போது தரைமட்டத்தை உயர்த்துங்கள். ஜெனரேட்டரை மேல்தளத்தில் வையுங்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உள்ள எல்லாச் சமய வீடுகளின் பட்டியலும் நம்மிடம் இருக்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப்போடுவதையும் ஸதகா என்று கருதுகிற சமுதாயம் நாம். தண்ணீரின் பாதையை அடைக்காமல் விடுவதும் அப்படித்தான். வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் தெரு வடிகால் வாய்க்காலில் சேரும் இடம் வரை நடந்து பார்ப்போம். எங்கே அடைப்பு என்று குறித்துக்கொண்டு மனு எழுதுவோம். இன்ஷா அல்லாஹ், வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.