பிள்ளையின் புவியியல் பாடமும் பெற்றோர் கடமையும்



தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற நம் பிள்ளைகள், பின்னர் இடைநிலைப்பள்ளியில் சேருகின்றனர். அங்கே புவியியல் தனியொரு பாடம். அதனை மலாய் மொழியில் கற்க வேண்டும். ஆறு, மலை, காற்று, மழை என்று புதிய பெயர்கள் வரிசையாக வருகின்றன. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அப்பாடம் விரைவில் கசந்து விடுகின்றது. பெற்றோரோ, “நான் படிக்காதவன், எனக்கு இதில் என்ன தெரியும்?” என்று ஒதுங்கி விடுகின்றனர். அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை. புவியியல் நூல் கூறும் செய்திகள் பலவற்றை நீங்கள் நாள்தோறும் தொழிலில் கண்டறிந்தவர்களே.

முதலில் ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொள்வோம். ‘சுங்கை’ என்றால் ஆறு. ‘புக்கிட்’ என்றால் குன்று. ‘கோலா’ என்றால் ஓர் ஆறு கடலோடோ மற்றோர் ஆற்றோடோ கூடுமிடம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் எழுந்த நகரமே கோலாலம்பூர். பிள்ளையிடம் நிலப்படத்தைக் கொடுத்து, இத்தகைய பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். பெயரின் பொருள் தெரிந்தால் இடம் மனத்தில் நிற்கும். மலாய்ச் சொல்லும் பழகிவிடும்.

அடுத்து, நிலப்படத்தில் மலைகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோடுகள். இவை சம உயரக் கோடுகள். மலாய்ப் பாடநூலில் ‘காரிஸ் கொந்தூர்’. பிள்ளைகள் பலர் தடுமாறும் பகுதி இது. மேட்டுக்காட்டில் மலைச் சரிவைச் சுற்றிப் படிபடியாக வெட்டி ரப்பர் மரங்களை நட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரே படியில் நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தப் படியைப் போன்றதே சம உயரக் கோடு. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான மேடு. விலகியிருந்தால் மெல்லிய சரிவு. பால் வாளியைச் சுமந்து ஏறிய கால்களுக்கு இந்த வேறுபாடு தெரியாதா? விடுமுறை நாளில் பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, ஒரு படியில் நடக்கச் செய்யுங்கள்.

மழையும் அப்படியே. வடகிழக்குப் பருவக்காற்று ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலைக் கடந்து வீசுவதால், கிளந்தான், திரங்கானு, பகாங் கரையோரங்களில் பெருமழை பொழிகின்றது. மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு நிற்கும், வருமானமும் குறையும். மழையால் வெட்டு நின்ற நாள்களை நாட்காட்டியில் குறித்து வருமாறு பிள்ளையிடம் கூறுங்கள். ஆண்டு முடிவில் உங்கள் தோட்டத்தின் மழைக் கணக்கு அதன் கையில் இருக்கும்.

நாம் வெட்டும் மரத்தின் வரலாறும் புவியியலே. 1876இல் பிரேசில் நாட்டின் அமேசான் பகுதியிலிருந்து ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுட் சில பேராவில் கோலாகங்சாரில் நடப்பட்டன. இந்தப் பயணத்தைப் பிள்ளை உலகப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டட்டும். “அங்கே வளர்ந்த மரம் இங்கே ஏன் தழைத்தது?” என்று கேளுங்கள். இரு இடங்களும் நிலநடுக்கோட்டை அடுத்தவை. ஆண்டு முழுவதும் வெப்பமும் மிகுந்த மழையும் உடையவை என்பதைப் பிள்ளையே கண்டு கூறும்.

பெற்றோர்களே, வீட்டுப்பாடத்தை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். படத்தையும் வரைந்து கொடுக்காதீர்கள். நாள்தோறும் அரை மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அருகில் அமருங்கள். “இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். பிறருக்கு விளக்கும்போது பிள்ளைக்கே பாடம் தெளிவாகும். விடை தவறினால் ஏசவோ அடிக்கவோ வேண்டாம். இருவருக்கும் விளங்காததை ஏட்டில் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வருமாறு அனுப்புங்கள்.

உங்கள் தொழிலறிவு குறைந்ததன்று. அதனைப் பிள்ளையின் கல்விக்குப் பயன்படுத்துங்கள். தாய் தந்தையரின் உழைப்பிலும் கல்வி இருக்கின்றது என்று உணரும் பிள்ளை, பாடத்தையும் விரும்பும், பெற்றோரையும் மதிக்கும்.