நாற்காலியும் சட்டமும்
(தங்கவயல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஓர் அரசியல் தலைவர் மீறலாமா? இது டெல்லிக்காரர்கள் விவகாரம், சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 1991இல் இந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதப்பட்டது. அடி வாங்கியவர்கள் நாம்தான்.

மாநிலங்களுக்கிடையே ஆற்றுநீர்த் தகராறு வந்தால் நடுவர் மன்றம் தீர்க்க வேண்டும் என்று 1956இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதன்படி 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25 அன்று, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறந்தது. சரியாக ஒரு மாதத்தில், முதல்வர் பங்காரப்பாவின் அரசு அந்த ஆணையை முடக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நவம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எந்த மாநிலமும் இருக்க முடியாது என்றது.

மண்டியா உழவனுக்கும் தண்ணீர் வேண்டும், தஞ்சை உழவனுக்கும் வேண்டும். நான் எவரையும் பழிக்க வரவில்லை. ஆனால் அடுத்து நடந்தது என்ன? டிசம்பரில் ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினர். நான் அப்போது பள்ளிச் சிறுவன். அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்த என் மாமா, கட்டிய துணியோடு எங்கள் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு நாள் அவர் பேசவே இல்லை.

முதல்வர் கல்லெடுக்கச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே இருப்பவர் சட்டத்தை ஒதுக்கித் தள்ளினால், தெருவில் நிற்பவன் "எனக்கு மட்டும் எதற்குச் சட்டம்?" என்று கேட்பானா, மாட்டானா?

அப்படியானால் அநியாயச் சட்டத்துக்கும் தலையாட்ட வேண்டுமா? வேண்டாம்! 1986இல் இந்தித் திணிப்பை எதிர்த்து அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதி நகலைத் தி.மு.க.வினர் கொளுத்தினர். கலைஞர் சிறை சென்றார். பேராசிரியர் அன்பழகன் உட்படப் பத்துப் பேர் சட்டமன்றப் பதவியை இழந்தனர். அது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் மீறினார்கள், விலையும் கொடுத்தார்கள். 1922இல் காந்தியடிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடுந்தண்டனையே கேட்டார். நாற்காலியில் அமர்ந்து மீறுகிறவரோ விலை கொடுப்பதில்லை. அந்த விலையை ஏழைகள் கொடுக்கிறார்கள்.

நான் ரயில்வே குமாஸ்தா. கட்டணம் அநியாயம் என்று எனக்குத் தோன்றலாம். சங்கத்தில் பேசுவேன், ஊர்வலம் போவேன். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து என் இஷ்டத்துக்குக் கட்டணம் வாங்க முடியுமா? முதல்வருக்கும் அதே நியாயம்தான். அரசியல் சட்டத்தின்மேல் உறுதிமொழி எடுத்துத்தான் அந்த நாற்காலியில் அமர்கிறார். மாநில அரசு நாடாளுமன்றச் சட்டங்களுக்கு இணங்கியே நடக்க வேண்டும் என்கிறது 256ஆம் பிரிவு.

வழி இல்லாமலா போயிற்று? குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2020இல் கேரள அரசு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேளாண் சட்டங்களை உழவர் போராட்டம் 2021இல் திரும்பப் பெறச் செய்தது. காவிரியிலேயே பாருங்கள்: மீறிப் பார்த்துக் கர்நாடகம் ஒரு சொட்டும் கூடுதலாகப் பெறவில்லை. வழக்காடி 2018இல் 14.75 டி.எம்.சி. கூடுதலாகப் பெற்றது. அதில் பெங்களூர் குடிநீருக்கும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீரைத்தான் அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

தோழர்களே! 2001இல் சுரங்கம் மூடியபின், நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். எண்ணிக்கையில் சிறியவர்களுக்குச் சட்டம்தான் துணை. ஆகவே, நாளை நம்மவர் ஒருவரே மேடையேறி "சட்டமாவது மண்ணாவது!" என்று முழங்கினாலும் கைதட்டாதீர்கள். "நாற்காலியை விட்டிறங்கி வந்து சொல்லுங்கள் ஐயா, கேட்கிறோம்" என்று சொல்லுங்கள்.