ரீவி கேம் கொன்ட்ரோலரும் மேசைக்கடியில் கிடக்கும் பென்டியமும்



திருகோணமலையில் உலோகச் சாமான் நெடுநாள் நிலைக்காது. உட்துறைமுக வீதியிலும் உவர்மலைச் சரிவிலும் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கொளுக்கி முதல் ரீவியின் பின்பக்கச் சொக்கெட் வரை உப்புக் காற்று அரித்துவிடும். அப்படியும் சில வீடுகளில், தொண்ணூறுகளில் வாங்கிய ரீவி கேம் ஒன்று பொலித்தீன் பையில் சுற்றியபடி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. பெட்டி செத்துப்போயிருக்கும், கொன்ட்ரோலர்களுக்கு இன்னும் உயிர் இருக்கும். அதே வீட்டில் மேசைக்கடியில் ஒரு பென்டியம் கொம்பியூட்டரும் தூசி குடித்துக் கிடக்கும். இரண்டையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க முதல், ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நம் பக்கம் ரீவி கேம் என்று விற்ற பெட்டிகளில் அநேகமானவை, ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபமிகொம் இயந்திரத்தின் நகல்கள். கொன்ட்ரோலரின் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றினால் மேலே பட்டன்கள், அவற்றின் கீழே ஒரு ரப்பர் விரிப்பு, ரப்பரின் அடியில் கறுத்த கரிப்பொட்டுகள், அதற்கும் கீழே ஒரு சிறிய சர்க்கிட் பலகை. பட்டனை அமுக்கினால் கரிப்பொட்டு பலகையில் உள்ள இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கும்.

டர்போ பட்டன்களை விட்டுவிட்டால் மொத்தம் எட்டு பட்டன்கள். அவற்றுக்கு ஐந்தே வயர் போதும். இதில்தான் நான் ரசிக்கும் கெட்டித்தனம் இருக்கிறது. இரண்டு வயர் மின்சாரத்துக்கு. மூன்றாவது வயர் வழியாக, எந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறது என்பதை அந்தக் கணத்திலேயே பிடித்து வைக்கும்படி கட்டளை போகும். நான்காவதில் துடிப்பு மேல் துடிப்பாக அனுப்ப, ஐந்தாவதில் ஒவ்வொரு பட்டனாகப் பதில் வரும். முதலில் ஏ, பிறகு பி, செலெக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். நின்டெண்டோவின் அசலில் இதைச் செய்வது 4021 என்ற ஐசி. நகல்களில் அதே வேலையைப் பெரும்பாலும் பலகையில் அப்பிய ஒரு கறுப்புப் பிசின் பொட்டு செய்கிறது. யார் செய்தாலும் வரிசை மாறாது. அதனால்தான் நாற்பது வருடம் கழித்தும் வேறொரு இயந்திரத்தால் இதனோடு பேச முடிகிறது.

பென்டியத்தின் பின்னால் 25 துளையுள்ள பிரின்டர் சொக்கெட் இருக்கும். இரண்டாம் துளையில் துடிப்பு வயர், மூன்றாவதில் கட்டளை வயர், பத்தாவதில் பதில் வயர், 18 முதல் 25 வரையுள்ள ஏதாவது ஒன்றில் ஏர்த் வயர். மின்சாரத்தை ஒன்பதாவதிலிருந்து எடுக்கலாம். போதாவிட்டால் பக்கத்துத் துளைகளையும் டயோட் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸில் இதற்கென்றே கேம்கொன் என்ற டிரைவர் உண்டு. ஒரே சொக்கெட்டில் ஐந்து கொன்ட்ரோலர்களை அது வாசிக்கும். விண்டோஸ் 98 காரர்களுக்கு டைரக்ட்பேட் ப்ரோ இருந்தது. சவுண்ட் காட்டில் இருக்கும் 15 துளை ஜொய்ஸ்டிக் சொக்கெட்டில் மட்டும் இதைச் செருகப் பார்க்காதீர்கள். அது கூடிக் குறையும் மின்தடையை அளக்கும் வாசல், இந்தக் கொன்ட்ரோலரின் பேச்சு அதற்கு விளங்காது.

இனி ஓர் எச்சரிக்கை. நகல் கொன்ட்ரோலர்கள் பலவற்றில் 9 துளை பிளக் இருக்கும். 1977இல் அட்டாரி கொண்டுவந்த அதே வடிவம். 1982இன் கொமடோர் 64, 1985இன் அமிகா, 1988இன் சேகா மெகா டிரைவ் எல்லாவற்றிலும் அந்த வடிவம்தான். செருகினால் பொருந்தும், உள்ளே வயர் ஒழுங்கு வேறு. அட்டாரி ஜொய்ஸ்டிக்கில் இருந்தவை வெறும் ஐந்து சுவிச்சுகள். மின்சாரம் வரும் இடம் ஏழாவது ஊசி. சேகா கொன்ட்ரோலருக்கோ மின்சாரம் ஐந்தாவதில் வர வேண்டும், உள்ளே ஒரு ஐசியும் இருக்கிறது. அதை நேரே கொமடோரில் செருகினால் அந்த ஐசி விசைப்பலகையின் வயர்களோடு மல்லுக்கட்டும், கொமடோரின் 6526 சிப்புக்கும் ஆபத்து. இடையில் ஓர் அடெப்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நகல்களில் வயர் நிறத்தையும் நம்பக் கூடாது. கொன்ட்ரோலரைத் திறந்து, பலகையிலிருந்து பிளக் வரை ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரால் தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரின்டர் சொக்கெட் இல்லாத புதிய கணினிக்கு, 32யூ4 சிப் வைத்த சிறிய ஆர்டுயினோ பலகை ஒன்று போதும். கொன்ட்ரோலரின் பேச்சைக் கேட்டு அதை யூஎஸ்பியில் சொல்லிவிடும். இதையெல்லாம் ஏன் பாடுபட்டுச் செய்ய வேண்டும், போனிலேயே மரியோ விளையாடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். போன் கண்ணாடியில் பெருவிரலுக்குப் பட்டனின் ஓரம் தெரியாது. கொன்ட்ரா கேமில் படுத்தபடி சுடுவதற்கு அந்த ஓரம் வேண்டும்.

நம் ஊரில் திறக்கும் கொன்ட்ரோலரில் செப்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கக் கூடும். ஐசோப்ரொபைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கரிப்பொட்டில் மண்தாள் போடவே வேண்டாம், கரி போய்விட்டால் பட்டனும் போய்விடும்.

கொம்பியூட்டரை நிறுத்திவிட்டுத்தான் செருக வேண்டும். இயக்கியதும் ஏதாவது ஒரு பட்டனை அமுக்குங்கள். அது சரியான இடத்தில் தெரிந்தால் வயர் வேலை முடிந்தது, மற்ற ஏழும் அதே வயரில்தான் வருகின்றன. ஏழு வந்து ஒன்று மட்டும் வராவிட்டால் வயரில் பிழை தேடாதீர்கள். திரும்பவும் கொன்ட்ரோலரைக் கழற்றி, அந்தப் பட்டனின் கரிப்பொட்டையும் கீழே உள்ள தடத்தையும் பாருங்கள்.