கருவி கைக்கு வந்தது, கையேடு எங்கே?
(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

ஓர் அரங்கில் நடக்கும் நிகழ்ச்சியைப் பிணையத்தின் வழியே பல அறைகளுக்கும் ஒரே பொழுதில் காட்டவேண்டும் என்றால் இன்று கோடிக்கணக்கில் பணம் வேண்டுவதில்லை. ஒரு கணிப்பொறியும், ஒரு படப்பொறியும், வி.எல்.சி. என்னும் மென்பொருளும் போதும். அம் மென்பொருளுக்கு விலையில்லை. ஆயினும், அதனை ஆளத் தெரிந்தவன் கிடைப்பது அரிதாக இருக்கின்றது. அறிவு குறைந்தோர் தமிழர் என்பதா இதற்குக் கரணியம்? இல்லை. ஆளும் முறை எழுதப்பட்டுள்ள இடமும், எழுதப்பட்டுள்ள மொழியுமே கரணியம்.

முதலில் அம் மென்பொருளின் பிறப்பைக் காண்போம். பாரீசு நகரின் தென்புறத்தே சாத்னே-மலாபிரி என்னுமிடத்தில் அந் நாளில் இருந்த நடுவண் பொறியியல் பள்ளி மாணவர்கள், 1996-இல் தங்கள் விடுதிப் பிணையம் மிக மெல்ல இயங்குவது கண்டு நொந்தனர். அப் பிணையத்தை ஆண்டவர்களும் மாணவர்களே. விரைவான பிணையம் வேண்டும் என்று கேட்டால் பணம் கிடைக்காது. ஏதேனும் தக்க பயனைக் காட்டவேண்டும். செயற்கைக்கோள் வழி வரும் தொலைக்காட்சியைப் பிணையத்தின் வாயிலாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும் திட்டத்தை அவர்கள் வகுத்தது அதற்காகத்தான். பிணையத்தின் மேல் கொண்ட ஆசை காட்சிக் கருவியைப் பெற்றெடுத்தது! 1998-இல் மென்பொருளை அடியிலிருந்து மீண்டும் எழுதினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், பள்ளியின் இசைவோடு, எவரும் எடுத்தாளவும் திருத்தவும் திருத்தியதை வழங்கவும் இடந்தரும் குனூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ் அது வெளிவந்தது. அனுப்புவதற்கு ஒன்று, வாங்குவதற்கு ஒன்று என முதலில் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. பின்னர் வாங்கும் மென்பொருளே அனுப்பும் பணியையும் ஏற்றுக்கொண்டது. பழைய வழங்கி வழக்கொழிந்தது. அதற்கென எழுதப்பட்ட குறிப்புகள் மட்டும் ஒழியவில்லை. இன்றும் கையேடு தேடுவோன் அப் பழங்குறிப்பில் தடுக்கி விழுகின்றான். அதில் கண்ட ஆணைகளை இட்டால் இன்றைய கருவி அவற்றை அறியாது.

இனி, ஆளும் முறையில் உள்ள சிக்கலைப் பாருங்கள். நொடிக்கு 50 இலக்கம் துண்மிகள் செல்லும் காணொளி ஓடை ஒன்றை 200 அறைகளுக்குத் தனித்தனியே அனுப்பினால் நொடிக்கு 100 கோடித் துண்மிகள் ஆகும். பெரிய பிணையக் கம்பி ஒன்றின் கொள்ளளவு முழுதும் அதற்கே போய்விடும். ஆகவே குழுப்பரப்பல் என்னும் முறை உண்டு. வழங்கி ஒரே படியை அனுப்பும். வேண்டுவோர் குழுவில் சேர்ந்து பெற்றுக்கொள்வர். 224 முதல் 239 வரையான எண்களில் தொடங்கும் முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டவை.

இதனை அமைத்த ஒருவன் ஓடையைத் திறக்கின்றான். எல்லா அறைகளிலும் காட்சி தெரிகின்றது. அவன் மகிழ்கின்றான். நான்கு நிமையம் கடந்ததும் காட்சி உறைந்து நிற்கின்றது! மென்பொருளைக் குறைசொல்கின்றான், கணிப்பொறியை மாற்றுகின்றான், கம்பியை மாற்றுகின்றான். மீண்டும் நான்கு நிமையம், மீண்டும் உறைவு. குற்றம் அவற்றுள் எதிலும் இல்லை. கம்பிகள் கூடும் இணைப்புப் பெட்டி, எந்த அறை குழுவில் சேர்ந்துள்ளது எனக் குறித்து வைத்துக்கொள்கின்றது. ‘இன்னும் வேண்டுமா?’ என்று இடையிடையே கேட்கும் வினவி ஒன்று பிணையத்தில் இல்லையாயின், விடையும் வாராது. பெட்டி அக் குறிப்பை அழித்து ஓடையை அடைத்துவிடும். இதற்கான நெறிமுறை 1997-இல் ஆர்.எப்.சி. 2236 என்னும் ஆவணமாக வெளிவந்தது. வினவும் இடைவெளி 125 நொடி; இருமடங்கு 250; விடைக்குக் காக்கும் 10 நொடியைக் கூட்டினால் 260. அந்த நான்கு நிமையத்தின் மறைபொருள் இதுவே. வினவியை இயக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் இவ் விடையை அவன் வி.எல்.சி.யின் கையேட்டில் தேடினான்; அதுவோ நெறிமுறை ஆவணத்திலும் இணைப்புப் பெட்டியின் கையேட்டிலும் கிடந்தது. இரண்டும் ஆங்கிலம். எதைத் தேடுவது என்பதற்குரிய சொல்லே தெரியாதவன் எப்படித் தேடுவான்? ஆங்கிலம் நன்கறிந்தவனும் இங்கே இடறுகின்றான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவனுக்கு ஓர் இடறல். தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு இரண்டு.

பிரெஞ்சு மக்கள் மொழிப்பற்றில் எவர்க்கும் இளைத்தவரல்லர். கணிப்பொறிக்குப் பிரெஞ்சுச் சொல் கேட்டபோது 1955-இல் சாக்கு பெரே என்னும் பேராசிரியர் ஆக்கித்தந்த சொல்லே அங்கு இன்றும் வழங்குகின்றது. 1972-இல் கலைச்சொற் குழுக்களுக்கென அரசாணை பிறந்தது. 1994 ஆகத்து 4-ஆம் நாள் சட்டம், பொருள்களின் பயன்பாட்டுக் குறிப்பும் பிரெஞ்சில் இருக்கவேண்டும் என விதித்தது. அத்தகைய நாட்டில் பிறந்த மென்பொருளுக்கும் விளக்கநூலின் முதன்மைப் படி ஆங்கிலமே! உலகெங்குமிருந்து எழுதுவோர் வந்து சேர்ந்தமையால் பணிமொழி அதுவாயிற்று. விற்போனைச் சட்டத்தால் பிடிக்கலாம்; விலையின்றி எழுதித் தருவோனிடம் ‘எங்கள் மொழியில் எழுது’ என்று எவ்வாறு வற்புறுத்துவது? அங்கே எழுத வேண்டியவர்கள் அம் மொழிக்குரியவர்களே.

தமிழ் அன்பர்களோ சொல்லிலேயே நின்றுவிடுகின்றனர். ‘தாரை’ என்பதா, ‘ஓடை’ என்பதா? ‘தாரை’ வடசொல் எனத் தள்ளுவாரும் உளர், ‘ஓடை’யில் எவர்க்கும் ஐயமில்லை, ஆதலின் ‘ஓடை’ என்றே வைத்துக்கொண்டு மேலே செல்லலாம். ஒரு சொல்லுக்காக ஓராண்டு வழக்காடும் அறிஞர், அச் சொல் வாழவேண்டிய கையேட்டின் ஒரு பக்கத்தையேனும் எழுதியதுண்டா?

எழுதுவதற்கு இடமும் ஆயத்தமாகவே உள்ளது. ஆணைவரியில் வி.எல்.சி.யின் பெயரையும், ஓர் இடைக்கோட்டையும், பெரிய ‘எச்’ எழுத்தையும் இட்டால், அம் மென்பொருள் தன் அமைப்புகள் அனைத்தையும் தானே விளக்கிக் காட்டும். வேறு எந்தக் குறிப்பு பழையதாயினும், கையிலுள்ள பதிப்புக்குப் பொருந்துவது இதுவே. இவ் விளக்கத் தொடர்களும், திரையில் தெரியும் பட்டியற் சொற்களும் ஒரே மொழிபெயர்ப்புக் கோப்பில் உள்ளவை. பட்டியற் சொற்களைத் தமிழாக்கிய கை, அக் கோப்பிலேயே விளக்கத் தொடர்களையும் ஆக்கலாம்; உரிமம் தடுக்கவில்லை.

எடுத்துக்காட்டாக ஒன்று: ‘தாண்டு எண்: ஓடை எத்தனை திசைவிகளைத் தாண்டலாம் என்பதை இது வரையறுக்கும். குழுப்பரப்பலில் கணிப்பொறிகள் இயல்பாக 1 எனக் கொள்ளும். அந்நிலையில் ஓடை தன் பிணையத்தை விட்டு வெளியேறாது. அடுத்த கட்டடத்தில் காட்சி தெரியவில்லையாயின் இதனைக் கூட்டிப் பார்க்க.’

இதனை எழுதக் கால்மணி நேரம் ஆகும். அடுத்த தொடர், துறை எண் பற்றியது.