பதக்கத்தில் உள்ள நம் பெயர்



"இந்த நாட்டுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நம் பிள்ளைகளிடம் யாராவது கேட்டால், அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. பதில் இருக்கிறது.

மலேசியாவின் மிக உயரிய வீர விருது ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா. பணத்துக்கும் பதவிக்கும் அது கிடைக்காது. அதைப் பெற்றவர்களில் ஒருவர் நம் சமுதாயத்தில் பிறந்த கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன். சிறப்புப் படை அதிகாரியான அவர், 1971இல் கம்யூனிஸ்டு கொரில்லாக்களுடன் நடந்த மோதலில் உயிர் துறந்தார். விருது அவர் மறைவுக்குப் பிறகே வந்தது.

சரவாக்கின் இபான் வீரர் அவாங் அனாக் ராவெங்கைப் பாருங்கள். 1951இல் ஜொகூர் காட்டில், தொடையில் குண்டு பாய்ந்த நிலையிலும், காயமுற்ற சக வீரரை மறைவிடத்துக்கு இழுத்துச் சென்று காத்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றார். அவர் பெயரை இபான் மக்கள் பெருமையோடு சொல்கிறார்கள். மோகன சந்திரன் பெயர் நம்மில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். உரிமை என்பது இரத்தம் கொடுத்து வாங்கும் பொருளல்ல. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் நம்மவர் செய்த தியாகத்தை நாமே மறந்தால், மற்றவர் எப்படி நினைப்பார்கள்?

ஜூலை 31 வீரர் தினம். அன்று உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் தாத்தாவோ அப்பாவோ படையிலோ போலீசிலோ இருந்திருந்தால், பெட்டிக்குள் கிடக்கும் அவர் பதக்கத்தை எடுத்துத் துடைத்து நடுவீட்டில் மாட்டுங்கள்.